வாசலில் ஓர் ஆள்

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருப்பவர் போன மாதம் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "மெஷோமொஷாய், கொஞ்சம் தமிழ் எழுதித் தரவேண்டும்" என்றார். வங்காளியில் மெஷோமொஷாய் என்றால் சித்தப்பா. அவருடைய மனைவிக்கு அறுவைச் சிகிச்சை. வேலூருக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டார்கள். நான் வங்காள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'வரிசை எங்கே?' 'எவ்வளவு நேரம் ஆகும்?' 'காரம் வேண்டாம்.' 'டாக்டர் எப்போது வருவார்?'

டாலிகஞ்சுக்கு வந்த நாளிலிருந்து இந்த வேலையைச் செய்கிறேன். 1972-இல் மத்திய அரசு வேலை கிடைத்துக் கல்கத்தாவுக்கு வந்தேன். முதலில் லேக் மார்க்கெட் பக்கம் நம்மவர்கள் நிறைந்த தெருவில் ஓர் அறை. கல்யாணமான பிறகு டாலிகஞ்சில் வீடு. ஐம்பது வருஷத்தில் எத்தனை பேருக்கு 'வரிசை எங்கே' எழுதிக் கொடுத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஹவுராவில் ஏறினால் காட்பாடி 1,700 கிலோமீட்டருக்கும் மேல். 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை வங்காளிகளின் பேச்சில் 'பேலோர்' என்ற ஒரே சொல்லாகிவிட்டது. உடம்பு சரியில்லை, டாக்டர் கைவிரித்துவிட்டார் என்றால் அடுத்த சொல் பேலோர்தான். வேலூரைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. ஆனால் ஒரு குடும்பம் சேமிப்பை எல்லாம் எடுத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில் லாட்ஜ் அறை பிடித்து, அடுப்பு வாங்கி, மாதக்கணக்கில் காத்திருக்கக் கிளம்பும்போது, அந்தப் பெருமையின் கீழே ஒரு துக்கமும் கிடக்கிறது. கூப்பிடு தூரத்தில் பெரிய மருத்துவமனை இருக்கும் ஊரிலிருந்து ஏன் இப்படிக் கிளம்புகிறார்கள்?

அந்தப் பெரிய மருத்துவமனை எம்.ஆர். பாங்கூர். தேசப்பிராண் சாஸ்மல் சாலையில் இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 2020-இல் கொரோனா வந்தபோது அதை முழுக்கக் கொரோனா மருத்துவமனையாக மாற்றினார்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் நின்றால் இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். அந்தச் சமயத்தில் உள்ளே வேலை பார்த்த நர்ஸுகளையும் வார்டு ஆட்களையும் நினைத்தால் இன்றைக்கும் கை கூப்பத் தோன்றுகிறது. ஆனால் அதன் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: மாவட்ட மருத்துவமனை. எந்த மாவட்டம்? தெற்கு 24 பர்கானா. 1986 மார்ச்சில் பழைய 24 பர்கானாவை வடக்கு, தெற்கு என்று பிரித்தார்கள். தெற்கு மாவட்டத்தின் தலைநகரம் அலிப்பூர், அதாவது கல்கத்தா நகரத்துக்குள்ளேயே. அதே போல மாவட்ட மருத்துவமனையும் நகரத்துக்குள். மாவட்டமோ சுந்தரவனத்துத் தீவுகள் வரை, கடல்வரை நீள்கிறது. பாம்பு கடித்த மீனவனுக்கும், பிரசவத்தில் சிக்கல் வந்த தீவுப் பெண்ணுக்கும் பெரிய இடம் என்று கைகாட்டப்படுவது எங்கள் தெருமுனை. படகு, வேன், லோக்கல் ரயில், ஆட்டோ என்று மாறிமாறி வந்து சேர்கிறார்கள். வந்து சேர்ந்த பிறகு காதில் விழும் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

'பெட் நேய்.' படுக்கை இல்லை.

இந்த இரண்டு சொல்லை நான் நேரே கேட்டது ஒரு மழைக்கால இரவில். பக்கத்து வீட்டுக்காரர், வயது அறுபத்தெட்டு, கிழக்கு வங்காளத்திலிருந்து குழந்தையாக வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் பாடா கிளப்புப் பையன்கள் இரண்டு பேரும் டாக்ஸியில் ஏற்றினோம். (தெருவும் அக்கம்பக்கமும் சேர்ந்ததை இங்கே 'பாடா' என்பார்கள், ஒவ்வொரு பாடாவுக்கும் ஒரு கிளப் உண்டு.) முதல் இடத்தில் படுக்கை இல்லை. இரண்டாவது இடத்தில் படுக்கை இருந்தது, இருதய டாக்டர் இல்லை. மூன்றாவது இடத்துக்குப் போகும்போது மணி இரண்டரை. எந்த இடங்கள் என்று எழுதமாட்டேன்; அந்த இரவில் அங்கே உட்கார்ந்திருந்தவர்களும் தூக்கமில்லாமல் இருந்தவர்கள்தான். அவர் பிழைத்தார். ஆனால் டாக்ஸியின் பின்சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்த அந்த மூன்று மணி நேரத்தில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஊரில் படுக்கை இருந்திருக்கிறது, டாக்டரும் இருந்திருக்கிறார். எங்கே இருக்கிறார் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. பையன்கள் தொலைபேசியில் யார் யாரையோ கூப்பிட்டார்கள். கடைசியில் வழி சொன்னது ஒரு மருந்துக்கடைக்காரர்.

பிறகுதான் இதே மாவட்டத்தில் நடந்த ஒரு வழக்கைப் பற்றிப் படித்தேன். 1992 ஜூலை 8-ஆம் தேதி இரவு மதுராபூர் ஸ்டேஷனில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து தவறி விழுந்தார். தலையில் பலத்த அடி. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சியால்டா பக்கத்தில் ஒரு பெரிய அரசு மருத்துவமனைக்கு இரவு பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் கொண்டுபோனார்கள். அவசரம் என்று அங்கே எழுதிக் கொடுத்தார்கள், படுக்கை இல்லை என்றார்கள். அங்கிருந்து இன்னொன்று, அங்கிருந்து இன்னொன்று. ஓரிடத்தில் ஸ்கேன் எடுத்து மூளையில் ரத்தக் கசிவு என்று கண்டுபிடித்த பிறகும் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலை வரை நகரத்தின் அரசு மருத்துவமனைகளை வரிசையாகச் சுற்றிவந்து, கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஏறக்குறைய 17,000 ரூபாய் செலவு. அவருடைய சங்கமான பச்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 1996 மே 6-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. அவசர சிகிச்சை மறுக்கப்படுவது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், பணம் இல்லை என்பது அரசுக்குச் சாக்கு ஆகாது என்றும் நீதிமன்றம் சொன்னது. 25,000 ரூபாய் நஷ்ட ஈடு.

சட்டம் படித்தவர்கள் 21-ஆம் பிரிவைப் பற்றி நிறையப் பேசுவார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் இருந்த இன்னொரு சின்ன விஷயம்தான் பெரிதாகப் பட்டது. எந்த மருத்துவமனையில் படுக்கை காலி என்று எல்லா மருத்துவமனைகளுக்கும் தெரியும்படி மையமான ஒரு தகவல் ஏற்பாடு வேண்டும், நோயாளியை அந்த இடத்துக்கு உடனே அனுப்ப வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1996-இல். செல்பேசி சாதாரண மக்கள் கைக்கு வராத காலத்தில். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் ஒருவருக்கு நேர்ந்த கொடுமைக்குப் பிறகு இளநிலை மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபரில் தர்மதல்லாவில் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய பத்துக் கோரிக்கைகளில் ஒன்று, நோயாளிகளை அனுப்ப மைய ஏற்பாடு. இன்னொன்று, எத்தனை படுக்கை காலி என்று காட்டும் பலகை. மருத்துவர்களே பட்டினி கிடந்து இதைக் கேட்க வேண்டியிருந்தது. அந்த மாதமே அந்த மைய ஏற்பாட்டைத் தெற்கு 24 பர்கானாவில் சோதனையாக ஆரம்பித்தார்கள். தீர்ப்புக்கும் அதற்கும் நடுவே 28 வருஷம். அதற்குள் எத்தனை டாக்ஸிகளின் பின்சீட்டில் எத்தனை தலைகள் யார் மடியிலோ இருந்திருக்கும்!

இந்த 28 வருஷத்தில் கட்டடங்கள் எழும்பாமல் இல்லை. மாடிமேல் மாடி எழுந்தது, திறப்பு விழாக் கல்வெட்டுகள் பதிக்கப்பட்டன. நகரத்தைத் திட்டமிடுகிறவர்களின் கணக்கில் ஒரு மருத்துவமனை என்றால் இத்தனை சதுர அடி, இத்தனை கட்டில். குடியிருப்பவர்களின் கணக்கு வேறு. ராத்திரி ஒரு மணிக்கு நான் போய் நின்றால் வாசலில் இருப்பவருக்கு என்ன தெரியும்? அதுதான் எங்களுக்கு மருத்துவமனை.

2011 டிசம்பர் 9-ஐ இந்தப் பக்கத்தவர்கள் மறக்க முடியாது. டாகுரியாவில், எங்களிடமிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஆம்ரி தனியார் மருத்துவமனையில் விடியற்காலையில் தீ. கார் நிறுத்த அனுமதி வாங்கிய அடித்தளத்தில் எரியக்கூடிய சாமான்களை அடுக்கியிருந்தார்கள். புகை மேலே ஏறி, படுத்த படுக்கையாக இருந்தவர்கள் 90 பேர் அளவுக்கு மூச்சுத் திணறி இறந்தார்கள். முதலில் ஓடிவந்தவர்கள் பக்கத்துக் குடிசைப்பகுதியான பஞ்சானன்தலாப் பையன்கள். புகையைப் பார்த்து வந்தவர்களைக் காவலாளிகள் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பிறகு அதே பையன்கள்தான் சுவர் ஏறி, கண்ணாடியை உடைத்து, நோயாளிகளை இறக்கினார்கள். மருத்துவமனை கட்டும்போது அந்தக் குடிசைக்காரர்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டார்கள். எந்தச் சந்தில் வண்டி நுழையும், எங்கே தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

தண்ணீர் என்றதும் டாலி நாலாவைச் சொல்லத் தோன்றுகிறது. ஊருக்குப் பெயர் தந்த வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி 1770-களில் ஆதிகங்கையின் பழைய படுகையைத் தோண்டிப் படகு விட்டார். நாங்கள் பார்க்கும்போதே அது சாக்கடையாகிவிட்டது. மெட்ரோவை டாலிகஞ்சிலிருந்து தெற்கே நீட்டியபோது தூண்களை அந்தப் படுகையிலேயே நட்டார்கள். மெட்ரோ வந்தது பெரிய வசதி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஓரத்தில் குடியிருந்தவர்கள் ஒரு மழைக்காலத்தின் கதையைச் சொல்லக் காத்திருந்தார்கள். வரைபடம் போட்டவர்கள் கேட்க வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

மருத்துவமனையைப் போலவே வாசலில் ஓர் ஆள் வேண்டிய இன்னோர் இடம் நூலகம். அதற்கு வருகிறேன்.

என் அப்பா மன்னார்குடிக்காரர். அவர் சின்ன வயதில் பார்த்ததாக அடிக்கடி சொல்வார்: மாட்டு வண்டி நிறையப் புத்தகம். 1931-இல் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. தொடங்கிவைத்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வண்டி களத்துமேட்டில் வந்து நிற்குமாம். வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு உட்கார்ந்துகொள்வார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்பார்கள். அப்பா ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் நிறுத்துவார்: "நாங்க அதத் தேடிப் போகல. அது எங்களத் தேடி வந்துச்சு." அதே 1931-இல்தான் ரங்கநாதனின் நூலக அறிவியல் ஐந்து விதிகள் புத்தகமாக வந்தது. முதல் விதி, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. அதை விளக்கும்போது அவர் பேசுவது நூலகம் எந்த இடத்தில் இருக்கிறது, எந்த நேரத்தில் திறக்கிறது, நாற்காலி மேசை எப்படி, உள்ளே இருக்கும் ஊழியர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றி. நான்காவது விதி, வாசகரின் நேரத்தை வீணாக்காதே. பாங்கூர் வாசலில் கையில் சீட்டோடு நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நான்காவது விதி ஞாபகம் வரும். 'வாசகர்' என்பதை எடுத்துவிட்டு 'நோயாளி' என்று போட்டுக்கொள்ளலாம். கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர் மருத்துவமனைக்கும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்.

எங்கள் பாடாவில் ஒரு நூலகம் இருக்கிறது. வீட்டிலிருந்து முந்நூறு அடி. 1947-க்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் பிஜோய்கட், ஆஜாத்கட், நேதாஜி நகர் என்று இந்தப் பக்கமெல்லாம் காலனி போட்டபோது முதலில் கட்டியவை என்னென்ன என்று பார்த்தால் நமக்கு மலைப்பாக இருக்கும். தலைக்குமேல் சரியான கூரை இல்லை. ஆனால் பள்ளிக்கூடம், சந்தை, படிப்பகம் எல்லாவற்றுக்கும் கமிட்டி போட்டு இடம் ஒதுக்கினார்கள். நான் மடியில் தாங்கிக்கொண்டு போனேனே, அவருடைய அப்பா அப்படி ஒரு கமிட்டியில் இருந்தவர். பகலில் வேலை தேடிவிட்டு, சாயங்காலம் வீடு வீடாகப் போய்ப் புத்தகம் வாங்கி அடுக்கினாராம். அப்படி வளர்ந்த நூலகங்களை அரசு ஆதரவுக்குள் கொண்டுவர 1979-இல் மேற்கு வங்கப் பொது நூலகச் சட்டம் வந்தது. மாநிலத்தில் 2,480 நூலகங்கள் என்று கணக்குச் சொல்வார்கள். எங்கள் நூலகமும் அந்தக் கணக்கில் இருக்கிறது. உள்ளே நூலகர் இல்லை. இருந்தவர் ஓய்வு பெற்றுப் பல வருஷமாகிறது. அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. வேறோர் ஊரில் இருக்கும் நூலகர் இதையும் சேர்த்துக் கவனித்துக்கொள்கிறார், வாரத்தில் இரண்டு நாள் வருகிறார். மற்ற நாள் பூட்டு. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ்ஸும் ரயிலும் மாறி வருகிறவர்.

சென்னை மாகாணத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்தது. அதற்குப் பின்னால் ரங்கநாதனின் பல வருஷ உழைப்பு. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து வசூலாகும்படி அதில் வழி செய்தார்கள். நம்முடைய கிளை நூலகங்களுக்கும் ஆயிரம் குறை உண்டு, எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கென்று ஒரு பங்கு தருகிறார் என்பது எவ்வளவு பெரிய ஏற்பாடு! வங்காளத்துச் சட்டத்தில் அந்த வரி இல்லை. படிப்பை இவ்வளவு கொண்டாடும் மக்கள், புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போய்ப் பை நிறைய வாங்கிவரும் மக்கள், கேட்டால் தரமாட்டார்களா? நான் கவுன்சிலரிடம் இதைச் சொன்னேன். வரி என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சை மாற்றிவிட்டார்.

அலிப்பூரில், இங்கிருந்து பக்கத்திலேயே, தேசிய நூலகம் இருக்கிறது. 1953 பிப்ரவரி 1 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். 1954-இல் வந்த சட்டப்படி தமிழ்நாட்டில் அச்சாகும் நூலின் ஒரு பிரதியும் அங்கே வந்து சேரவேண்டும். பேரகராதியைத் தந்த வையாபுரிப் பிள்ளையின் சேகரிப்பு, அவர் வைத்திருந்த நூல்களும் சுவடிகளும், அங்கேதான் இருக்கின்றன. ஓய்வு பெற்ற பிறகு எத்தனையோ மத்தியானங்கள் அந்தத் தமிழ்ப் பிரிவில் கழித்திருக்கிறேன். ஊரை விட்டு வந்தவனுக்கு அது கோயில் மாதிரி. ஆனால் எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அவள் அலிப்பூருக்குப் போகமாட்டாள். அவளுக்கு அந்த முந்நூறு அடி தூரத்து அறை சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு வரை திறந்திருக்கவேண்டும். மின்விசிறி சுற்றவேண்டும். பெண்கள் கழிப்பறை இருக்கவேண்டும். "என்னம்மா வேண்டும்?" என்று கேட்க ஒருவர் இருக்கவேண்டும்.

மருத்துவமனையா நூலகமா என்று கேட்டால் என்ன ஆகும் என்பதை நாம் சென்னையில் பார்த்துவிட்டோம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-இல் திறந்தது. எட்டு ஏக்கர், ஒன்பது மாடி. ஆட்சி மாறியது. 2011 நவம்பர் 2-ஆம் தேதி, நூலகத்தை டி.பி.ஐ. வளாகத்துக்கு மாற்றிவிட்டு அந்தக் கட்டடத்தில் குழந்தைகள் மருத்துவமனை வைக்கப்போவதாக அறிவித்தார்கள். இங்கே இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அன்றிரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. குழந்தைகள் மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? யாரும் மறுத்துப் பேச முடியாத ஒன்றைக் கொண்டுவந்து இன்னொன்றின் தலையில் வைப்பது அது. வாசகர்களும் எழுத்தாளர்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள், சில நாளில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது, நூலகம் பிழைத்தது. ஓமந்தூரார் தோட்டத்தில் சட்டமன்றத்துக்காகக் கட்டிய கட்டடம் 2014-இல் மருத்துவமனையாயிற்று. அங்கே இன்று ஏழைகளுக்கு நல்ல சிகிச்சை கிடைக்கிறது என்பதையும் நான் மறைக்கமாட்டேன். இருந்தாலும் புத்தக அலமாரிக்காகப் போட்ட தளத்தில் ஸ்ட்ரெச்சர் போகும் வழி, ஆக்சிஜன் குழாய், கழிவுநீர்க் குழாய் என்று ஒவ்வொன்றையும் பிறகு இடித்து இடித்துப் புகுத்துவது திட்டம் ஆகாது. எங்கே குழந்தைகள் வைத்தியம் இல்லாமல் தவிக்கிறார்கள் என்று பார்த்து அங்கே கட்டுவதுதான் திட்டம்.

என்னைக் கேட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். மருத்துவமனை முற்றத்தில் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே படுத்திருப்பவர் ஒருவர் என்றால் வெளியே இருப்பவர்கள் மூன்று பேர். கானிங்கிலிருந்தோ காக்தீப்பிலிருந்தோ வந்தவர்கள், பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் படுத்திருக்கிறார்கள். மகனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போகிற வருகிற பாண்ட் சட்டைக்காரர்களிடமெல்லாம் நீட்டுகிறார்கள். என்னிடமும் பலமுறை நீட்டியிருக்கிறார்கள். அங்கே ஒரு வாசிப்பு அறை, நான்கு பெஞ்சு, குடிதண்ணீர், சீட்டைப் படித்துச் சொல்ல ஒருவர். எந்தக் கட்டடத்துக்கு எந்தப் பக்கமாகப் போகவேண்டும், நியாயவிலை மருந்துக்கடை எங்கே, ரத்தப் பரிசோதனை எத்தனை மணிவரை என்று அவர் சொன்னால் போதும். இதற்கு எத்தனை கோடி ஆகும்? ஒரு திறப்பு விழாப் பந்தல் செலவில் ஒரு வருஷம் நடத்தலாம்.

இதையெல்லாம் ஒரு மனுவாக எழுதி, வங்காளியில் பக்கத்து வீட்டுக்காரரைத் திருத்தச் சொல்லி, மூன்று பிரதி எடுத்தேன். அவருக்கு இப்போது நடை கொஞ்சம் குறைவு, ஆனால் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பாடா கிளப்பில் வைத்தோம். 114 பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டோக்காரர் மகள், கையெழுத்துப் போடத் தனக்கு வயது வரவில்லை என்று வருத்தப்பட்டாள். அவளுக்காகக் கீழே தனி இடம் விட்டு 'மாணவர்கள்' என்று எழுதினோம். அங்கே இருபத்தாறு பெயர் சேர்ந்தது.

இரண்டாம் மாடிக்காரர் வேலூரிலிருந்து நேற்றுக் கூப்பிட்டார். அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது, நன்றாக இருக்கிறாள் என்றார். 'வரிசை எங்கே' என்று தான் கேட்டதும் ஒரு வயதான அம்மாள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தினாராம்.

வியாழக்கிழமை நூலகர் வருகிற நாள். சாவி அவரிடம்தான் இருக்கிறது. போன வாரம் நான்கு மணிக்கு நான் போனபோது எனக்கு முன்னால் ஏழு பேர் நின்றிருந்தார்கள்.